உங்களுக்கு எது நார்மல்? உடம்பின் எண்களை முறையாக அளந்து பயன்படுத்தும் வழி

லேப் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். எண் அதற்குள் இருந்தால் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடுகிறோம், தாண்டினால் பதறுகிறோம். இரண்டுமே அவசரம். பெரும்பாலான சோதனைகளில் அந்த வரம்பு கிடைக்கும் விதம் இதுதான்: ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்பட்ட ஒரு கூட்டத்தைச் சோதித்து, நடுவில் விழும் 95 சதவீதத்தினரை எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 5 சதவீதத்தினர் நோய் இல்லாமலே வரம்புக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்துகொண்டால், நல்ல உடம்புக்காரருக்கும் குறைந்தது ஒன்றாவது வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு.

மறுபக்கம் இன்னும் கவலைக்குரியது. எப்போதும் ஹீமோகுளோபின் 15.5 இருந்த ஒரு ஆணுக்கு இப்போது 13.2 என்று வந்தால், 13க்கு மேல் இருப்பதால் ரிப்போர்ட் எந்த எச்சரிக்கையும் தராது. குடலில் எங்காவது மெல்ல ரத்தம் கசிகிறதா என்று பார்க்கவேண்டிய இறக்கம் அது. பழைய எண் கையில் இருந்தால்தான் அது கண்ணில் படும்.

ஆகவே ஊராருடைய நார்மலோடு நிறுத்திக்கொள்ளாமல் உங்களுடைய நார்மலையும் கண்டுபிடிக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்கள் எல்லாவற்றையும் எடுத்து, ஒரு நோட்டிலோ ஸ்பிரெட்ஷீட்டிலோ ஒரு சோதனைக்கு ஒரு வரிசை என்று ஏற்றுங்கள். எண்ணை மட்டும் எழுதினால் பாதி வேலைதான். தேதி, நேரம், எந்த லேப், எத்தனை மணி நேரம் வெறும் வயிறு, என்னென்ன மாத்திரை, முந்தைய மூன்று வாரத்தில் காய்ச்சலோ தொற்றோ வந்ததா, முந்தின நாள் கடும் உடற்பயிற்சி உண்டா என்பதும் அதே வரியில் வரவேண்டும். அலகையும் மறக்காதீர்கள். சர்க்கரையைச் சில லேப்கள் மி.கி/டெ.லி. கணக்கிலும், சில மில்லிமோல்/லிட்டர் கணக்கிலும் தரும். பின்னதை 18ஆல் பெருக்கினால் முன்னது கிடைக்கும். கொலஸ்ட்ராலுக்கு 38.67ஆல் பெருக்க வேண்டும். அலகு எழுதாமல் விட்ட வரிசையை ஐந்து வருடம் கழித்து யாராலும் படிக்க முடியாது.

எண் பொய் சொல்லும் இடங்கள்

முடி, நகம் வளர்ச்சிக்கு என்று விற்கும் பயோட்டின் மாத்திரைகள் பல லேப்களின் தைராய்டு சோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையையும் குழப்பிவிடும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பே 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. நீங்களாக வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக நிறுத்துங்கள். அதிக டோஸ் என்றால் எத்தனை நாள் என்று லேப்பில் கேளுங்கள். சமைத்த இறைச்சியை நிறையச் சாப்பிட்ட பிறகும், கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் கிரியாட்டினின் ஏறும். சிறுநீரகம் நன்றாக இருந்தும் கெட்டதுபோல் ரிப்போர்ட் வரும். உடம்பில் அழற்சி இருக்கும்போது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் உயர்ந்து இரும்புச்சத்துக் குறைவை மறைக்கும். தைராய்டு சோதனையில் பார்க்கும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன் இரவில் உச்சத்துக்குப் போய்ப் பகலில் இறங்கும் என்பதால், போன தடவை காலை 8 மணிக்குக் கொடுத்தால் இந்தத் தடவையும் அதே நேரத்தில் கொடுக்க வேண்டும்.

எச்பிஏ1சி சோதனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுமார் 120 நாள் வாழும் சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது சொல்கிறது. ரத்த இழப்பாலோ அணுக்கள் சீக்கிரம் உடைவதாலோ அணுக்களின் ஆயுள் குறைந்தால் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை இருந்தால் கூடுதலாக வரலாம். வீட்டில் குத்திப் பார்க்கும் எண்களும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகவில்லை என்றால், உணவுக் கட்டுப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் முழு ரத்த அணுச் சோதனையைப் பாருங்கள்.

எந்த ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்த வேண்டும்? மொத்தக் கொலஸ்ட்ரால் 200இலிருந்து 188க்கு இறங்கியதை வெற்றி என்று கொண்டாட முடியாது. எதையும் மாற்றாத ஒருவரிடமே நாளுக்கு நாள் அந்த அளவு ஆடும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இன்னும் மோசம், மூன்றில் ஒரு பங்கு மாறினாலும் அது வெறும் ஆட்டமாக இருக்கலாம். ஒரே திசையில் மூன்று முறை நகர்ந்தால் நம்பத் தொடங்குங்கள்.

ரத்த அழுத்தம்: ஏழு நாள், 28 அளவு

வீட்டில் எடுக்கும் எண்களிலேயே அதிகப் பயன் தருவது இதுதான். அதிகம் தப்பாக எடுக்கப்படுவதும் இதுதான்.

முதலில் கஃப், அதாவது கையில் சுற்றும் காற்றுப் பட்டை. தோள்பட்டை எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, கஃபில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் வரம்போடு ஒப்பிடுங்கள். கை பெருத்தவருக்குச் சிறிய கஃப் மாட்டினால் எண் கூடுதலாக வரும், அதை நம்பித் தேவையில்லாத மாத்திரைகூட ஆரம்பிக்கப்படலாம். மணிக்கட்டுக் கருவியைவிட மேல்கைக் கருவியே நம்பகமானது. முதல் நாள் இரண்டு கையிலும் எடுத்து, எண் அதிகமாக வரும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். போனைத் தள்ளி வையுங்கள், யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை இறுக்கும், கழற்றிவிடுவது நல்லது. கஃபின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். கையை மேசைமேல், கஃப் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி வையுங்கள். மடியில் வைத்து எடுப்பவர்கள்தான் அதிகம். கஃப் இதயத்துக்கு 10 செ.மீ. கீழே போனால் எண் 7, 8 புள்ளி ஏறிவிடும்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு ஒரு ஜோடி, இரவில் ஒரு ஜோடி என்று ஏழு நாளில் 28 அளவு சேரும். முதல் நாளின் நான்கை அடித்துவிட்டு மற்ற 24க்கும் சராசரி போடுங்கள். வந்த எண்களில் பிடித்ததை மட்டும் எழுதுவது, கூடுதலாக வந்தால் மூன்றாம் முறை எடுத்துக் குறைந்ததைப் பதிவது இரண்டும் அந்த வாரத்தையே வீணாக்கும். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் வீட்டுச் சராசரி 135/85ஐ உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையாக வைத்திருக்கின்றன, 2017இன் அமெரிக்க வழிகாட்டுதல் 130/80ஐ வைத்திருக்கிறது. மேல் எண் 180ஐயோ கீழ் எண் 120ஐயோ தாண்டினால், ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இதில் ஒன்று இருந்தாலும் நோட்டைப் போட்டுவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சர்க்கரையும் கடிகாரமும்

குளுக்கோமீட்டரில் வரும் பெரிய பிழை விரலில்தான் இருக்கிறது. பழத்தை நறுக்கிய கையோடு குத்தினால் தோலில் ஒட்டிய சர்க்கரையும் சேர்ந்து எண்ணப்படும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் குத்துவதைவிட வலியும் குறைவு. ஸ்டிரிப் டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறி எண் கெடும். சர்வதேசத் தர விதி ஐஎஸ்ஓ 15197இன்படியே, 100க்கு மேற்பட்ட எண்ணில் 15 சதவீதம் முன்பின் இருப்பது ஏற்கத்தக்கதுதான். 150 என்று காட்டினால் அதை சுமார் 127க்கும் 173க்கும் இடையில் என்று படித்துக்கொள்ளுங்கள். கையில் ஒட்டும் தொடர் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, திசுக்களுக்கு இடையிலுள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கும். தூக்கத்தில் அந்தப் பக்கமாகப் புரண்டு படுத்து சென்சார் அழுந்தினால் பொய்யான தாழ்சர்க்கரை எச்சரிக்கை வரும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள்.

ஸ்மார்ட் வாட்சில் எதை நம்பலாம்? ஓய்வு நிலை இதயத்துடிப்பையும், மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் ஓரளவு நம்பலாம். ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு, கனவுத் தூக்கம் எவ்வளவு என்ற பிரிவினையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். கலோரிக் கணக்கு அதைவிட பலவீனம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறில் இதயத்துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல் கட்டுங்கள். ஓய்வுத் துடிப்பு உங்கள் வழக்கத்தைவிட ஐந்தாறு கூடி இரண்டு நாள் நின்றால் காய்ச்சல் வரப்போகிறதா, தூக்கம் கெட்டதா, மது அருந்தினீர்களா என்று பாருங்கள். அந்த எச்சரிக்கைக்காகவே வாட்சைக் கட்டலாம்.

உங்கள்மேலேயே ஒரு சோதனை

இத்தனை எண்ணும் எதற்கு? மற்றவர்களுக்குப் பலித்தது உங்களுக்கும் பலிக்கிறதா என்று பார்க்கத்தான். மதியத்துக்குப் பிறகு குடிக்கும் காபி தூக்கத்தைக் கெடுக்கிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். உடம்பிலுள்ள காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்றாலும் ஆளுக்கு ஆள் இது பெரிதாக மாறும். புகைபிடிப்பவருக்குச் சீக்கிரம் கரையும், கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பொது அறிவுரை இங்கே உதவாது.

இரண்டு வாரம் வழக்கம்போல் குடியுங்கள். படுத்ததிலிருந்து தூங்க எத்தனை நிமிடம் ஆனது என்று காலையில் எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரம் மதியம் 12 மணிக்கு மேல் காபியை விடுங்கள். பிறகு பழையபடி இரண்டு வாரம், மறுபடி நிறுத்தி இரண்டு வாரம். சராசரிகள் 38, 24, 35, 26 என்று வந்தால் காபிதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். 38, 24, 25, 26 என்று வந்தால் காபிக்குத் தொடர்பில்லை, வேறு ஏதோ சரியாகியிருக்கிறது. மூன்றாம் கட்டத்தைத் தவிர்ப்பவர்கள் இதைப் பிரித்தறிய முடியாது. மிக மோசமான வாரத்தில்தான் யாரும் மாற்றத்தைத் தொடங்குவோம், மோசமான வாரத்துக்கு அடுத்தது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் நன்றாக இருக்கும். பல சத்து மாத்திரைகள் இப்படித் தானாக வந்த நல்ல பெயரில்தான் விற்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எதை அளக்கப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இப்படி நிறுத்திப் பார்க்கவே கூடாது.

மரபணுச் சோதனை: மருந்துக்கு உதவும், ஜாதகம் ஆகாது

மரபணு இன்று உண்மையாகவே கைகொடுப்பது மருந்துத் தேர்வில். ரத்தக்கட்டியைத் தடுக்கும் குளோபிடோக்ரல், கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். அந்த நொதி மந்தமாக உள்ளவருக்கு மாத்திரை விழுங்கியும் பாதுகாப்புக் குறைவு. சிஒய்பி2டி6 என்ற இன்னொரு நொதி அதிவேகமாக உள்ளவருக்கு, வலி மருந்தான கோடீன் அளவுக்கு மீறி மார்ஃபினாக மாறி மூச்சையே அடக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமஸெபின், ஆசிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரியும் உயிராபத்தான எதிர்விளைவைத் தரக்கூடும். புற்றுநோய்க்கான ஃப்ளூரோயுராசில் மருந்துக்கு முன், அதை உடைக்கும் நொதியின் மரபணுவான டிபிஒய்டி சோதனையைப் பற்றிக் கேட்பது உயிர் காக்கும் கேள்வி.

மரபணு மாறாது என்பதால் ஒருமுறை எடுத்த ரிப்போர்ட் ஆயுளுக்கும் உதவும், நகலைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அது சொல்லும் வேகத்தை வேறு மருந்து மாற்றிவிடும். மன அழுத்தத்துக்குப் பராக்ஸிட்டின் சாப்பிடுபவரின் சிஒய்பி2டி6 மரபணு சாதாரணமாக இருந்தாலும் நொதி முடங்கி, மந்தமானவர்போல்தான் நடந்துகொள்வார். மரபணு ரிப்போர்ட்டைக் காட்டும்போது மருந்துப் பட்டியலையும் சேர்த்துக் காட்டுவது அதனால்தான்.

எச்சில் மாதிரியை அனுப்பிப் பெறும் நேரடிச் சோதனைகளின் மூலத் தரவை வேறு ஆப்பில் ஏற்றி நோய் தேடாதீர்கள். அப்படிக் கிடைத்த மரபணு மாற்றங்களை மருத்துவ லேப்பில் சரிபார்த்த 2018 ஆய்வொன்றில் 40 சதவீதம் பொய் என்று தெரிந்தது. பல மரபணுக்களைக் கூட்டி நோய் அபாயத்தை மதிப்பெண்ணாகத் தரும் சோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை, மற்றவர்களுக்குத் துல்லியம் குறையும். தனியுரிமையையும் யோசியுங்கள்: 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் நடந்த தகவல் திருட்டு சுமார் 69 லட்சம் பேரைப் பாதித்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரியது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. எச்சில் அனுப்புமுன் மாதிரியை அழிக்கவும் கணக்கை நீக்கவும் வழி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

காசில்லாத மரபணுத் தகவல் ஒன்றும் இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி ஆகியோருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். வயதுதான் முக்கியம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், உங்கள் கொலஸ்ட்ராலை மருத்துவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

மருத்துவரிடம் போகும்போது போனில் முந்நூறு எண்களை நீட்டாதீர்கள். ஒரே தாள் போதும். மேலே உங்கள் கேள்வி, அதன்கீழ் ஏழு நாள் பிரஷர் சராசரியும் எடுத்த தேதிகளும், எந்தச் சோதனை எண் எதிலிருந்து எதற்கு எத்தனை மாதத்தில் நகர்ந்தது என்பது, நீங்களாக வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரைகள் உட்பட மருந்துகளின் டோஸ், ஒவ்வாமை, குடும்ப நோய்கள். மூல ரிப்போர்ட்களை தேதி வாரியாக அடுக்கிப் பையில் வைத்திருங்கள், கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.