வெயிலில் வாடும் கறிக்கோழிக்கு வைட்டமினும் சோடாவும்: எதை, எப்போது, எவ்வளவு?

ஏப்ரல், மே மாதங்களில் பல்லடம் பக்கம் மதியம் 2 மணிக்கு ஷெட்டுக்குள் நுழைந்தால் ஐந்து வாரக் கோழிகள் இறக்கையைத் தூக்கி, வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டிருக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். அப்படி இளைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. கூடவே, சூட்டினால் செல்லுக்குள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, செல்சவ்வில் உள்ள கொழுப்பைக் கெடுக்கின்றன. இந்த இரண்டாவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஆப்ப சோடா முதல் கோளாறுக்கு; அதில் உடல் இழக்கும் பைகார்பனேட் உப்பை அது ஈடுகட்டும். வைட்டமின் இ, வைட்டமின் சி, செலினியம் மூன்றும் இரண்டாவதற்கு. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டுவதுதான் புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு.

கீழே உள்ள கணக்கெல்லாம் ஐந்தாவது வாரத்தில் இருக்கும் 1000 கோழிக்கு. வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 120 கிலோ தீவனமும் 350 லிட்டர் தண்ணீரும் போகும் என்று வைத்துக்கொள்கிறோம். தண்ணீர் மீட்டர் இருந்தால் அது காட்டும் அளவையே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

படி 1: முதலில் தண்ணீர்

நிப்பிளின் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனை) அடியில் ஒரு அளவுக் குவளையைப் பிடித்து, அதன் ஊசியை ஒரு நிமிடம் தள்ளிப் பிடியுங்கள். கோழியின் வயதை வாரக்கணக்கில் எடுத்து 7ஆல் பெருக்கி 20 கூட்டினால் வரும் மில்லி அளவாவது விழ வேண்டும். ஐந்தாவது வாரத்தில் அது 55 மில்லி. குறைந்தால் தண்ணீர்க் குழாய் லைனை ஃப்ளஷ் செய்து, அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். தண்ணீரே போய்ச் சேராத இடத்தில் மருந்து போய்ச் சேராது. மேல்தொட்டி வெயிலில் கிடந்தால் சாக்கு போர்த்தி நனைத்து வையுங்கள். சுடுதண்ணீரைக் கோழி குடிக்காது.

படி 2: காலையில் வைட்டமின் சி

கோழியின் சிறுநீரகமே வைட்டமின் சி தயாரிக்கும். கடும் வெயிலில் அது போதாமல் போகிறது. தீவனக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்ற கணக்கில் 1000 கோழிக்கு 30 கிராம் வேண்டும். அதை 100 லிட்டர் தண்ணீரில் கரைத்து, காலை 5 மணிக்குத் திறந்துவிட்டால் 9 மணிக்குள் முடிந்துவிடும். வெயில் ஏறிய பிறகு கொடுத்தால் பாதிப் பலன்தான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் இருக்கும் குளோரின் வைட்டமின் சி-யை அழித்துவிடும்; குளோரினும் வீணாகும். அந்த 100 லிட்டரை மட்டும் குளோரின் இல்லாமல் பிடித்து வையுங்கள். கரைத்த தண்ணீரை மறுநாளுக்கு மிச்சம் வைக்காதீர்கள். தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளில் குளோரினும் வேண்டாம், வைட்டமினும் வேண்டாம்.

படி 3: மதியத்துக்குச் சோடா

11 மணி முதல் 4 மணி வரை போகும் தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் ஆப்ப சோடா போடுங்கள். 150 லிட்டருக்கு 150 கிராம். சலவை சோடா அல்ல. அது கோழிக்கு ஆகாது, கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். சோடாவையும் வைட்டமின் சி-யையும் சேர்த்தால் புளிப்பும் காரமும் மோதிப் பொங்கும், இரண்டுமே வீண். இரண்டுக்கும் நடுவே வெறும் தண்ணீர் விட்டு லைனைக் கழுவுங்கள்.

எலக்ட்ரோலைட் (தாது உப்புக் கலவை) பாக்கெட் கொடுக்கிறீர்கள் என்றால் அதன் மேல் சோடா சேர்க்க வேண்டாம். கொங்குப் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரில் உப்பு ஏற்கெனவே அதிகம். தண்ணீரைப் பரிசோதிக்காமல் உப்பின் மேல் உப்பு ஏற்றினால் கழிச்சல் நீர்த்து, தரையில் பரப்பிய கூளம் நனைந்து, அம்மோனியா வாடை கிளம்பும். ஒரு பிடி கூளத்தைக் கையில் இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, சோடாவை நிறுத்துங்கள்.

படி 4: தீவனத்தில் வைட்டமின் இ

இது கொழுப்பில் கரைவது. உடலில் சேர நாளாகும். வெயில் உச்சத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். 50 சதவீதத் தூளாக வாங்கினால் 50 கிலோ மூட்டைக்கு 20 கிராம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரும். 20 கிராமை நேராக மூட்டையில் தூவினால் சில கோழிக்கே எல்லாம் போய்விடும். முதலில் 1 கிலோ தீவனத்தில் கலந்து, பிறகு அதை 10 கிலோவில், கடைசியில் மீதியில் கலக்குங்கள். மஞ்சள்தூள் போட விரும்பினால் மூட்டைக்கு 250 கிராம், அதுவும் தீவனத்தில் மட்டும். தண்ணீரில் போட்டால் கரையாமல் நிப்பிளை அடைக்கும்.

கம்பெனி தரும் குஞ்சையும் தீவனத்தையும் வைத்து ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் தீவனத்தில் கை வைக்க முடியாது. சூப்பர்வைசரிடம் கேட்டு, தண்ணீரில் கலக்கும் இ-செலினியம் திரவத்தை லேபிள் அளவில் கொடுக்கலாம்.

செலினியத்தைத் தனியாக வாங்கிக் கலக்கவே வேண்டாம். கிலோவுக்கு 0.3 மில்லிகிராம்தான் வழக்கமான அளவு. தீவன பிரீமிக்ஸிலேயே (தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின், தாது உப்புக் கலவை) அது இருக்கும். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

தீவனம் சிக்கு வாடை அடித்தால் இவ்வளவு செய்தும் பயனில்லை. கெட்டுப்போன எண்ணெயும் பழைய தவிடும் மூட்டைக்குள்ளேயே வைட்டமின் இ-யைத் தின்றுவிடும். மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

படி 5: தீனி நேரத்தை மாற்றுதல்

செரிமானமே உடலைச் சூடாக்கும். காலை 10 முதல் மாலை 4 வரை ஃபீடரை உயர்த்திவிட்டு, இரவில் விளக்குப் போட்டுத் தின்ன விடுங்கள். தண்ணீரை மட்டும் ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள்.

நெஞ்சுத் தோலின் கீழ் பச்சை கலந்த நீலத்தில் நீர் கோத்திருந்தாலோ, குஞ்சு தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு விழுந்தாலோ அது வைட்டமின் இ, செலினியம் பற்றாக்குறையாக இருக்கலாம். செத்த கோழி ஒன்றையும் தீவன மாதிரி ஒரு கிலோவையும் எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.