டூப் சர்வீஸ் ரேமைத் தின்கிறதா? அளந்து அடக்கும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைகளுக்கான ஒரு பில்லிங் ஆப்பை டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். வெள்ளி விலையை ஒரு சர்வீஸிடமும், பணம் வந்ததா என்பதை ஒரு பேமென்ட் கேட்வேயிடமும் (ஆன்லைன் பணத்தை வாங்கித் தரும் சர்வீஸ்) அது கேட்கும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் நிஜ கேட்வேயைத் தட்ட முடியாதே! அதனால் வயர்மாக் என்ற ஜாவா டூலில் அதே பதிலைச் சொல்லும் போலி சர்வீஸை ஓட்டுவோம். சினிமாவில் டூப் போடுவது மாதிரிதான். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தினமும் பார்க்கிறவனுக்கு வேறு என்ன உதாரணம் வரும்?

ஒரு நாள் சாயங்காலம் லோடு டெஸ்டை (நிறைய அழைப்புகளை அனுப்பித் தாங்குகிறதா என்று பார்ப்பது) ஓடவிட்டுவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் டூப் செத்துக் கிடக்கிறது. அதை நான் டாக்கரில் ஓட்டியிருந்தேன், அதாவது கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள், ரேம் வரம்பு வைத்து. டாக்கர் காட்டிய எக்ஸிட் கோட் 137. அதாவது 128 கூட்டல் 9. 9 என்பது கில் சிக்னல். ரேம் வரம்பைத் தாண்டியதும் லினக்ஸ் கெர்னலே போட்டுத் தள்ளிவிட்டது. தப்பு என்னுடையது, அதுவும் இரண்டு. எது எது என்று போகப் போகச் சொல்கிறேன்.

படி 1: சும்மா இருக்கும்போது அளங்கள்

வயர்மாக்கைக் கிளப்பி, ஒரு அழைப்பும் அனுப்பாமல், டாக்கர் ஸ்டாட்ஸ் கமாண்டைக் கொடுங்கள். மெமரி என்ற இடத்தில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

படி 2: லோடு கொடுத்து அளங்கள்

லோடு கொடுக்கும் டூலான ஜேமீட்டரில் பத்து யூசர், பத்து நிமிஷம் போதும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். லோடு நின்ற பிறகும் டாக்கர் காட்டும் எண் இறங்காது. ஜாவா ஒருமுறை வாங்கிய ரேமைச் சட்டென்று திருப்பிக் கொடுக்காது. அந்த எண்ணை மட்டும் பார்த்து லீக் (ரேம் விடுபடாமல் சேர்ந்துகொண்டே போவது) என்று முடிவு கட்டாதீர்கள்.

உண்மை தெரிய, இந்த ஒரு படிக்கு மட்டும் டாக்கரை விட்டுவிட்டு வயர்மாக்கின் ஜார் ஃபைலை நேரடியாக ஓட்டி, அதே லோடைக் கொடுங்கள். ஜேடிகே (ஜாவா டெவலப்பர் கிட்) இருக்க வேண்டும். அதோடு வரும் ஜேசிஎம்டி கமாண்டை மட்டும் அடித்தால் ஓடும் ஜாவா ப்ராசஸ்களின் எண்கள் வரும். வயர்மாக்கின் எண்ணோடு முதலில் ஜிசி ரன் (தேவையில்லாத மெமரியைக் கூட்டித் தள்ளும்), அப்புறம் ஜிசி ஹீப் இன்ஃபோ (ஹீப், அதாவது ஜாவா தன் டேட்டாவை வைக்கும் ரேம், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும்). குப்பையைக் கூட்டித் தள்ளிய பிறகும் ஹீப் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனால், உள்ளே எதுவோ சேர்கிறது.

படி 3: ஜர்னலுக்குக் கடிவாளம்

சேர்வது பெரும்பாலும் ரிக்வெஸ்ட் ஜர்னல். வந்த அழைப்பையும் தான் சொன்ன பதிலையும் வயர்மாக் ரேமிலேயே எழுதி வைக்கிறது. நீங்கள் வரம்பு வைக்காதவரை அதற்கு வரம்பே கிடையாது. பதில் 50 கேபி என்றால் 20,000 அழைப்புக்கு ஒரு ஜிபி பக்கம் போய்விடும். நான் வரம்பு வைக்கவில்லை. இது முதல் தப்பு.

லோடு டெஸ்ட் மட்டும்தான் என்றால், கிளப்பும்போதே நோ ரிக்வெஸ்ட் ஜர்னல் என்ற ஆப்ஷனைக் கொடுத்து ஜர்னலை அணைத்துவிடுங்கள். ஆனால் "கேட்வேக்கு ஒரே ஒரு அழைப்புதான் போனதா?" என்று சரிபார்க்கும் டெஸ்ட் இருந்தால் அணைக்கக் கூடாது, அதற்குப் பார்க்க ஜர்னல் வேண்டும். அப்போது மேக்ஸ் ரிக்வெஸ்ட் ஜர்னல் என்ட்ரீஸ் ஆப்ஷனில் 500 என்று வையுங்கள். பழையது உதிர்ந்து புதியது நிற்கும்.

படி 4: ஹீப்பும் கண்டெய்னரும்

ஒன்றும் சொல்லாவிட்டால் ஜாவா மெஷின் ரேமில் கால் பங்கு வரை ஹீப்பாக எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி லேப்டாப்பில் ஒரு டூப்புக்கு 2 ஜிபி. நான்கு டூப் ஓட்டினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஹீப்பின் உச்ச அளவைச் சொல்லும் எக்ஸ்எம்எக்ஸ் ஆப்ஷனில் 256 எம்பி என்று கட்டுங்கள்.

நான் ஹீப்பையும் 512 எம்பி, கண்டெய்னர் வரம்பையும் 512 எம்பி என்று வைத்திருந்தேன். இரண்டாவது தப்பு. ஹீப்புக்கு வெளியேயும் ஜாவாவுக்கு இடம் வேண்டும்: க்ளாஸ் விவரங்களை வைக்கும் மெட்டாஸ்பேஸ், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் ஆள் மாதிரி) ஒரு ஸ்டாக், அதாவது தனி இடம். இப்போது ஹீப் 256, கண்டெய்னர் 512.

படி 5: தாமதம் வைத்திருந்தால்

கேட்வே மெதுவாகப் பதில் சொல்வது போல 3 விநாடி தாமதம் வைத்தீர்களா? அந்த 3 விநாடியும் ஒரு த்ரெட் சும்மா கைகட்டி நிற்கும். அசிங்க் ரெஸ்பான்ஸ் எனேபிள்ட் ஆப்ஷனை ட்ரூ ஆக்கினால் த்ரெட் விடுபடும்.

எல்லாம் மாற்றியதும் படி 2-ஐத் திரும்ப ஓட்டி, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். என் டூப் அடுத்த தட்டுவடை செட் வரை தாக்குப்பிடித்தது.