ஆன்லைன்ல செகண்ட்ஸ் கார் தேடுறீங்களா? பாண்டி, கடலூர் பக்கம் டுபாக்கூர் விளம்பரத்த கண்டுபிடிக்கிறது இப்படித்தான்

ரேட் ரொம்ப கம்மியா இருந்தா உஷாரா இருங்கனு எல்லாருமே சொல்லுவாங்க, ஆனா நம்ம பக்கம் அது மட்டும் பத்தாது, ஏன்னா இங்க ரேட் கம்மிக்கு ரெடியா ஒரு காரணம் கைல இருக்கு. "பாண்டி வண்டி சார், டாக்ஸ் கம்மி, அதான் இந்த ரேட்டு." இதுல பாதி நெசம், அதனாலதான் நம்பிடுறாங்க. பாண்டில ரோடு டாக்ஸ் கம்மிதான், பிஒய் 01 வண்டி கொஞ்சம் சல்லிசா வரும்தான். ஆனா கடலூர்காரர் அத வாங்குனா பாண்டி ஆர்டிஓல என்ஓசி (தடையில்லா சான்று) எடுத்து, இங்க டாக்ஸ் கட்டி, டிஎன் 31 நம்பருக்கு மாத்தணும், அந்த செலவெல்லாம் வாங்குறவர் தலைலதான் விழும். வித்தியாசம் அந்த அளவுக்குத்தான் இருக்கணும். அஞ்சு லட்சம் போற வண்டிய ரெண்டரைக்கு தர்றேன்னு ஒருத்தன் சொன்னா அதுக்கு டாக்ஸ் காரணம் இல்ல.

என்னைக் கேட்டா ரேட்ட விட முக்கியம், வண்டி பக்கத்துல போய் நிக்க விடுறானாங்கிறதுதான். ஏமாத்துறவன்கிட்ட வண்டியே கிடையாது, போட்டோதான் இருக்கு.

அந்த போட்டோவ பெருசாக்கி பாருங்க. லொகேஷன் வில்லியனூர்னு போட்டிருப்பான், பின்னாடி கடை போர்டு ஹிந்தில இருக்கும். முதல் படத்துல அலாய் வீல், மூணாவது படத்துல சாதா வீல் கப். கூகுள் லென்ஸ்ல போட்டா அதே வண்டி வேற ஊர்ல வேற பேர்ல விக்கிறது தெரிஞ்சிடும். நம்பர் பிளேட்ட மறைச்சிருந்தா அத மட்டும் வச்சு சந்தேகப்படாதீங்க, நல்ல பார்ட்டிங்களும் மறைக்கிறாங்க. சாட்ல கேட்டும் நம்பர் தரலனா விட்டுடுங்க.

நம்பர் வந்ததும் கவர்மெண்டோட பரிவாகன் சைட்லயோ எம்பரிவாகன் ஆப்லயோ அடிச்சு பாருங்க. மாடல், பெட்ரோலா டீசலா, ரிஜிஸ்டர் ஆன தேதி, இன்சூரன்ஸ், லோன் இருக்காங்கிறது எல்லாம் வரும், ஓனர் பேர்ல பாதி எழுத்து மறைஞ்சிருக்கும், ஆனா ஆர்சி போட்டோவோட ஒத்துப் பாக்க அது போதும். இங்க ஒண்ணு கவனிங்க, எல்லாம் கரெக்டா இருக்குங்கிறதுக்காக ஆள் கரெக்ட்னு ஆயிடாது, ஏன்னா வேற யாரோட நெச விளம்பரத்துல இருந்து படத்தையும் நம்பரையும் சுட்டு போடுறவன் நிறைய பேர் இருக்கான்.

அடுத்தது ஆர்மி கதை. "சார் நான் மிலிட்டரில இருக்கேன், திடீர்னு டிரான்ஸ்ஃபர், வண்டி ஏர்போர்ட் பார்க்கிங்ல நிக்குது, ஆர்மி டிரான்ஸ்போர்ட்ல உங்க வீட்டு வாசலுக்கே வந்துடும், டிரான்ஸ்போர்ட் சார்ஜ் மட்டும் போடுங்க." கூடவே யூனிஃபார்ம் போட்டோ, கேன்டீன் கார்டு, ஐடி கார்டு எல்லாம் கேக்காமலே அனுப்புவான். நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே ஒருத்தன் ஐடி கார்டு காட்டுனா சாட்ட மூடிடுங்க. அந்த சின்ன சார்ஜ் போட்டதும் அடுத்து ஜிஎஸ்டி, அப்புறம் இன்சூரன்ஸ், அப்புறம் "ரீஃபண்ட் ஆயிடும் சார்"னு ஒவ்வொண்ணா கறந்துகிட்டே இருப்பான். ரீஃபண்டுக்கு க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்கனு சொல்லுவான் பாருங்க, யுபிஐல காசு வாங்க பின் தேவையே இல்ல, பின் போட்டா உங்க காசுதான் போகும்.

வண்டி இருக்கா இல்லையானு தெரிஞ்சுக்க வீடியோ கால் ஒண்ணு போதும், ஆனா அவன் அனுப்புற ரெக்கார்டட் வீடியோ வேணாம். கால்ல வச்சே "அண்ணே, ஹார்ன் ரெண்டு தடவை அடிங்க, அப்படியே பானெட்ட தூக்கி சேசிஸ் நம்பர் பிளேட்ட காட்டுங்க"னு சொல்லுங்க. வண்டி இருக்கிறவர் சிரிச்சுகிட்டே காட்டிடுவாரு, இல்லாதவனுக்கு அந்த நேரம் பாத்து நெட் கட் ஆயிடும். "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, டோக்கன் அஞ்சாயிரம் போட்டு வைங்க"ங்கிறதும் அதே ரகம்தான், போகட்டும்னு விடுங்க, பாண்டில காருக்கா பஞ்சம்?

இதெல்லாம் தாண்டி வண்டியே நேர்ல நின்னாலும் சில வில்லங்கம் இருக்கு. அடமானத்துக்கு வந்த வண்டி, செல்ஃப் டிரைவுக்கு வாடகைக்கு எடுத்துட்டு வந்த வண்டி. "ஓனர் ஃபாரின்ல இருக்காரு, சைன் அப்புறம் வாங்கிக்கலாம்"னா அவரு வந்தப்புறம் காசு தர்றேன்னு சொல்லிடுங்க. லோன் காட்டுச்சுனா மீதிய நேரா அந்த லோன் அக்கவுண்ட்லயே கட்டுங்க, பேங்க் என்ஓசியும் லோன் முடிஞ்சதுக்கான ஃபார்ம் 35ம் கைக்கு வந்தாதான் ஹெச்பி, அதாவது ஆர்சில இருக்குற லோன் பதிவு, கேன்சல் ஆகும்.

வெள்ளத்துல நின்ன வண்டி நம்ம பக்கம் தனி கதை. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் பாண்டி கிட்ட கரை கடந்துச்சு, அடுத்து தென்பெண்ணைல தண்ணி வந்து கடலூர் பக்கமும் மூழ்குச்சு. அப்ப முங்குன வண்டிய கழுவி, புது சீட் கவர், புது மேட் போட்டு வித்தா போட்டோல பளபளனுதான் தெரியும். நேர்ல போனா சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, உள்ள சுருண்டு கிடக்குற பாகத்துல சேத்து கறை ஒளிஞ்சிருக்கும், அத யாரும் கழுவ மாட்டாங்க. சீட்டுக்கு அடில இருக்குற போல்ட்ல துரு, ஸ்டெப்னி குழில மண்ணு இருக்கானும் பாருங்க. பெர்ஃப்யூம் வாடை மூக்க துளைச்சா ஏசிய ஆஃப் பண்ணி கதவ சாத்திட்டு கொஞ்ச நேரம் உக்காருங்க, ஈர வாடை தானா வெளில வரும். ஒரு மெக்கானிக்க கூட கூட்டிட்டு போங்க, விக்கிறவன் சொல்ற மெக்கானிக் வேணாம்.

காசு போயிடுச்சுனா வெக்கப்பட்டு உக்காராம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, சீக்கிரம் சொன்னா காசு அடுத்த அக்கவுண்டுக்கு போறதுக்குள்ள நிறுத்த வாய்ப்பு இருக்கு. யுடிஆர் நம்பர் (காசு போன டிரான்சாக்ஷன் நம்பர்), அவனோட யுபிஐ ஐடி, சாட், விளம்பரம் எல்லாத்தையும் முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, ஏன்னா நீங்க திட்டுன அடுத்த நிமிஷமே அவன் விளம்பரத்த தூக்கிடுவான்.