சென்னை–சிங்கப்பூர்: விமான தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடலாம்

டிக்கெட்டில் இரவு 11.30க்குக் கிளம்பி காலை 6.15க்கு இறங்கும் என்று போட்டிருந்தால் பயணம் ஆறேமுக்கால் மணி நேரம் இல்லை, நாலேகால் மணி நேரம்தான். கிளம்பும் நேரம் நம் ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கணக்கு, அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திரும்பி வரும்போது இதே குழப்பம் தலைகீழாக வரும்: அங்கே இரவு 8க்கு ஏறினால் இங்கே 9.45க்கு இறங்கிவிடலாம் என்று டிக்கெட் சொல்லும். அதனால் இரண்டு நேரத்தையும் முதலில் ஒரே ஊர்க் கணக்குக்கு மாற்றுங்கள், அப்புறம் கழியுங்கள்.

தூரம் வேண்டுமா? கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சென்னை விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து சாங்கி விமான நிலையத்தைத் தொடுங்கள். சுமார் 2,900 கிலோமீட்டர் காட்டும். பயணிகள் ஜெட் விமானம் மேலே போனதும் மணிக்கு 850 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும், ஆக மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். ஏறவும் இறங்கவும் வேகம் குறைவு, ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் சேர்த்தால் டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

காற்றையும் மறக்காதீர்கள். சென்னையிலிருந்து துபாயும் கிட்டத்தட்ட இதே தூரம்தான், ஆனால் போகும்போது ஆகும் நேரம் வரும்போது ஆகாது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் காற்று போகும்போது எதிரே நிற்கும், வரும்போது பின்னாலிருந்து தள்ளும். குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும், லண்டன் மாதிரி நீண்ட பயணத்தில் ஒரு மணி நேரம்கூட மாறும்.

ஆனால் என்னைக் கேட்டால், வானத்தில் போகும் நேரத்தைவிட வீட்டு வாசலிலிருந்து ஆகும் நேரம்தான் முக்கியம். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூர் போகிறார் என்று வையுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சென்னையைவிட நூறு கிலோமீட்டருக்குள்தான் கூடுதல், பறப்பதில் ஐந்தாறு நிமிடம். ஆனால் திருச்சி விமான நிலையத்துக்கு அவர் ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுவார். சென்னைக்கு வர சாலையில் ஆறேழு மணி நேரம் ஆகும். டிக்கெட் ஆயிரம் ரெண்டாயிரம் கூடுதல் என்றாலும் பெட்டிகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் தயங்காமல் திருச்சியிலேயே ஏறுங்கள்.

இதோடு சர்வதேசப் பயணத்துக்கு முன்னால் மூன்று மணி நேரம், இறங்கிய பிறகு குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வழியாக மாறிப் போகும் டிக்கெட் என்றால் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். முன்பதிவுத் தளத்தில் மொத்தப் பயண நேரம் என்று தனியாக ஒன்று இருக்கும், நேர வித்தியாசத்தைக் கழித்துத்தான் அதைப் போடுவார்கள், இரண்டு டிக்கெட்டை ஒப்பிடும்போது அந்த எண்ணைப் பாருங்கள்.