கல்லறையில இருக்குற பேர வச்சு குண்டு பிளேனையும் அதுல பறந்தவங்களையும் எப்படித் தேடுறது

எங்க மாமா வீட்டு கோழிக்கூட்டு மேல ஒரு அலுமினியத் தகடு கிடக்கு, ஓரத்துல வரிசையா ரிவெட் ஓட்டை. மஸ்கெலியா பக்கத்து தோட்டம். "அது ஜப்பான்காரன் சண்டையில விழுந்த வெள்ளக்காரன் பிளேன்"னு தான் சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தேன், நானும் நம்பி பழைய சண்டைக் கணக்கெல்லாம் புரட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் அம்மாயிகிட்ட "அது எந்த வருஷம்"னு கேக்காம "அப்ப லயத்துல என்ன நடந்துச்சு"ன்னு கேட்டேன். "பாணுக்கு கியூவுல நின்ன காலம்டா, சிறிமாம்மா ஆட்சி"ன்னாங்க. முடிஞ்சுது கதை, அது எழுபதுகள், ஜப்பான் சண்டக் காலமே இல்ல. 1974 டிசம்பர் 4 ஏழு கன்னியர் மலையில மோதுன டச்சு டிசி-8, ஹஜ்ஜுக்குப் போன 182 பேரோட மொத்தம் 191 பேர் செத்தது. அதனால தகட்டுல இருந்து ஆரம்பிக்காதீங்க, எழுதி வச்ச பேர்ல இருந்து ஆரம்பிங்க.

நம்ம பக்கம் அதுக்கு நல்ல இடம் கண்டி யுத்த மயானம், கண்டிக்கும் பேராதனைக்கும் நடுவுல. தென்கிழக்காசிய நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டன் 1944ல பேராதனை பூங்காவுக்கு தலைமையகத்தக் கொண்டு வந்த கதை தெரியும்ல, அதுக்குப் பக்கம் தான். 203 கல்லறை இருக்கு. காலையில வெள்ளனவே போங்க, மத்தியானம் மழ புடிச்சா ஒரு போட்டோவும் தெளிவா வராது. விமானப்படைக்காரர் கல்லறையில சேவை நம்பர், பதவி, செத்த தேதி மூணையும் எழுதிக்கங்க, பைலட்டா துப்பாக்கிக்காரரா ரேடியோ ஆளான்னு இருந்தா அதையும்.

அப்புறம் பொதுநலவாய போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல அந்தப் பேரப் போடுங்க. அனேகமா ஸ்குவாட்ரன், அதாவது அவர் இருந்த விமானப் படைப்பிரிவோட நம்பர் அங்க வந்துரும். இப்ப அந்த ஆள விட்டுட்டு அதே தேதி, அதே ஸ்குவாட்ரன்ல வேற யாரு செத்தாங்கன்னு தேடுங்க. நாலஞ்சு பேர் சேந்து வந்தா அது ஒரே பிளேனா இருக்க சான்ஸ் ஜாஸ்தி, ஒருத்தர் மட்டும் வந்தா அவசரப்படாதீங்க, மலேரியாவுல செத்தவங்களும் அங்க தான் கிடக்காங்க. உடம்பே கிடைக்காதவங்க பேரு கண்டியில இருக்காது, சிங்கப்பூர் கிராஞ்சியில இருக்குற நினைவுச் சுவருல பாக்கணும். உதாரணத்துக்கு 11ஆம் ஸ்குவாட்ரன். 1942 ஏப்ரல் 9, திருகோணமலையில குண்டு விழுந்த அன்னைக்கு, கொழும்பு குதிரைப் பந்தயத் திடல்ல இருந்து கிளம்புன பிளென்ஹைம் குண்டு பிளேன்ல 9 போய் ஜப்பானோட விமானந்தாங்கி அகாகி கப்பலத் தாக்கிச்சு, ஒரு குண்டும் கப்பல்ல படல, அஞ்சு பிளேன் திரும்பி வரல. பிளென்ஹைம்னா மூணு பேர், லிபரேட்டர்ங்குற பெரிய குண்டு பிளேன்னா அத விட நிறைய பேர், அந்தக் கணக்கு மனசுல இருக்கட்டும்.

ஸ்குவாட்ரனும் தேதியும் கையில வந்தா பாதி வேல முடிஞ்சுது. பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்துல ஏர் 27னு ஒரு வரிச இருக்கு, ஒவ்வொரு ஸ்குவாட்ரனோட நடவடிக்கைப் பதிவேடு. அதுல ஃபார்ம் 540 அந்த மாசத்துக் கதைய பொதுவா சொல்லும், ஃபார்ம் 541 தான் தங்கம், ஒவ்வொரு பறப்புக்கும் பிளேன் நம்பர், உள்ள இருந்தவங்க பேரு, கிளம்புன நேரம், இறங்குன நேரம் எல்லாம். இறங்குன நேரம் இருக்க வேண்டிய கட்டம் காலியா இருக்கும் பாருங்க, அதப் பாக்குறப்ப கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிரும்.

நேர விஷயத்துல நான் நல்லா சறுக்கிருக்கேன். மின்னேரியாவுல இருந்து சிங்கப்பூர் வரைக்கும் கடல்ல கண்ணிவெடி போடப் போன 160ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டருக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல பறப்பு, ஒரு தேதியில கிளம்பி அடுத்த தேதியில இறங்கும், அதனால செத்த தேதிக்கு முந்தின நாளோட பக்கத்தையும் பாத்துருங்க. அதோட இலங்கை நேரமே அப்ப நிலையா இல்ல: 1942 ஜனவரியில கிரீன்விச்சுக்கு 6 மணி முன்னால போச்சு, செப்டம்பர்ல ஆறரை ஆச்சு, 1945 அக்டோபர்ல தான் பழைய அஞ்சரைக்கு வந்துச்சு. ஜப்பான்காரன் தன் நேரத்துல எழுதுவான், 9 மணி வித்தியாசம். ரெண்டு பதிவு ஒத்துப் போகலன்னா மொதல்ல மணிக்கூட்ட சந்தேகப்படுங்க, அப்புறம் ஆளச் சந்தேகப்படலாம்.

பிளேனோட நம்பர் கவனம். பிளேன் விலாவுல பெருசா எழுதுற எழுத்த வச்சுத் தேடாதீங்க, ஒரு பிளேன் போனா அதே எழுத்த அடுத்ததுக்குக் குடுத்துருவாங்க. வால் பக்கம் சின்னதா இருக்குற சீரியல் நம்பர் தான் அந்த விமானப்படையில இருக்குற வரைக்கும் மாறாது. கொக்கலையில இருந்து போய் 1942 ஏப்ரல் 4 ஜப்பான் தளபதி நாகுமோவோட கப்பல் கூட்டத்தக் கண்டுபுடிச்சு சேதி அனுப்புன பைலட் பர்ச்சலோட கேட்டலினா பறக்கும் படகு ஏஜே155, 413 கனடா ஸ்குவாட்ரன். அதுல 9 பேர், 3 பேர் செத்தாங்க, பர்ச்சலோட சேத்து 6 பேர் கைதி. செத்தவங்க பேர மட்டும் தேடுனா அந்த ஆறு பேர் வரவே மாட்டாங்க, இதுக்குத் தான் 541. கனடாக்காரங்கன்னா செத்தவங்களோட சேவைக் கோப்பு கனடா நூலக ஆவணக் காப்பகத்துல, ஆஸ்திரேலியாக்காரங்கன்னா அவங்க தேசிய காப்பகத்துல ஏ705 வரிசையில இருக்கு, சில சமயம் வீட்டுக்கு எழுதுன கடிதமும் அதுக்குள்ள கிடக்கும்.

சீரியல் கிடைச்சா கடைசியா ஃபார்ம் 78, அந்த பிளேனோட நடமாட்ட கார்டு. ஐரோப்பாவுல இருந்ததுக்கு நிறைய எழுதிருப்பாங்க, நம்ம பக்கம் அனுப்புனதுக்கு ரெண்டு மூணு வரி தான், கடைசியில எஸ்.ஓ.சி., அதாவது கணக்குல இருந்து எடுத்தாச்சு. லிபரேட்டர்னா அதோட ஃபைல மூடிராதீங்க. சண்ட முடிஞ்சு கான்பூர்ல குவிச்சு நாசமாக்கிப் போட்டதுல பலத இந்தியாக்காரங்க பொறுக்கி ஒட்டி 1968 வரைக்கும் ஓட்டுனாங்க. இந்து சமுத்திரத்துல இருக்குற கொக்கோஸ் தீவுல 99ஆம் ஸ்குவாட்ரன்ல இருந்த கேஎன்751 அப்படித் தான் எச்ஈ807னு இந்திய நம்பர்ல பறந்துட்டு இப்ப இங்கிலாந்து ஆர்.ஏ.எஃப்., அதாவது பிரித்தானிய விமானப்படை மியூசியத்துல முழுசா நிக்குது, அதனால பழைய நம்பர் நின்னு போன இடத்துல இந்திய நம்பரையும் ஒரு தடவ தட்டிப் பாருங்க.