நீர்வர்ணத்தில் தங்கம் ஏன் மங்குகிறது? மெட்டாலிக் வண்ணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் இருந்துகொண்டு நீர்வர்ணம் தீட்டுகிறவர்களுக்கு உலோகம்போல மினுங்கும் மெட்டாலிக் வண்ணத்தின் மேல் ஒரு கண் விழாமல் இருக்காது. விடியற்காலையில் சுவாமி மலையில் நின்றால் கடல் முழுக்கத் தங்கம். பின்னேரம் உள்துறைமுகப் பக்கம் போனால் தண்ணீர் செம்பு நிறத்தில் கிடக்கும். சரி, இதைப் பிடித்துவிடலாம் என்று ஒரு பெட்டி வாங்கி வந்து பூசினால், காய்ந்த பிறகு கடுகு அரைத்துப் பூசியது போல இருக்கும். உடனே கடைக்காரரைத் திட்டத் தோன்றும். பெரும்பாலும் பெட்டியில் குறை இருக்காது. அதைச் சாதாரண நிறம்போலப் பாவிப்பதுதான் பிழை.

இன்றைய மெட்டாலிக் நீர்வர்ணங்களில் பலவற்றுக்குள் உலோகத் தூளே கிடையாது. உள்ளே இருப்பது மைக்கா, அதாவது அப்பிரகத்தின் மெல்லிய செதில்கள். செதிலின் மேல் டைட்டானியம் டைஒக்சைட்டோ இரும்பு ஒக்சைட்டோ மிக மெல்லிய படலமாக ஏற்றப்பட்டிருக்கும். டைட்டானியப் படலத்தின் தடிப்பு மாற மாற வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று சாயல் மாறும். இரும்பு சேர்ந்தால் செம்பும் வெண்கலமும் வரும். (புல்மோட்டைக் கரையில் அள்ளுகிற கறுப்பு இல்மனைட் மணல் இதே டைட்டானியத்தின் தாதுதான். நம் மாவட்டத்து மண்ணுக்கும் இந்தப் பெட்டிக்கும் தூரத்து உறவு உண்டு.) செதில்கள் கடதாசியில் தட்டையாகப் படுத்தால் ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பும், மினுங்கும். குத்திட்டுக் கிடந்தாலோ வேறு நிறத்துக்குள் புதைந்தாலோ மினுக்கம் போச்சு. கீழே வரும் பிழைகளில் பாதிக்குமேல் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

முதல் பிழை கடையிலேயே நடக்கும். சிலைக்கும் தேருக்கும் பூசுகிற மலிவான பொன் பொடியை வாங்கி, கோந்து கலந்து நீர்வர்ணமாக்கிவிடலாம் என்று நினைப்பது. அந்தப் பொடி பெரும்பாலும் செம்பும் நாகமும் சேர்ந்த பித்தளைத் தூள். வார்னிஷுக்குள் அடைபட்டிருக்கும்வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெறும் கோந்தில் நின்றால் ஈரமும் உப்புக் காற்றும் பட்டுக் கறுக்கும், சில இடங்களில் பச்சை பிடிக்கும். உப்புவெளி, நிலாவெளி போலக் கடலை ஒட்டிய வீடென்றால் கேட்கவே வேண்டாம். மைக்கா வண்ணங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அசல் தங்கத்தூளை அரபுக் கோந்தில் குழைத்துச் சிப்பியில் வைத்துப் பாவித்த காலமும் உண்டு. அது இப்போதும் கிடைக்கிறது, கறுக்காது. விலையைக் கேட்டால் நம் முகம்தான் கறுக்கும்.

மைக்காவைப் பொடியாகவே வாங்கிக் கலக்குகிறவர்கள் ஃபேனை நிறுத்திவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு கலக்குங்கள். அந்த நுண்தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது.

அடுத்தது தண்ணீர். அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான், ஆறுதலாகச் சொல்கிறேன். சாதாரண நீர்வர்ணத்தில் ஈரத் தூரிகையால் வில்லையை, அதாவது பெட்டியில் இருக்கும் காய்ந்த நிறக் கட்டியை, ஒரு தடவு தடவினால் நிறம் வந்துவிடும். மெட்டாலிக் வில்லையில் அப்படித் தடவினால் கோந்துத் தண்ணீரும் நாலைந்து செதிலும்தான் வரும். வில்லையில் சில துளி தண்ணீர் விட்டு, ஓரிரு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு தூரிகை நுனியால் மெதுவாகக் குழைத்தால் மேலே பாலாடைபோல ஒரு தடிப்பு திரண்டு வரும். தூரிகையைத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். நுனியில் தொங்கும் துளிக்குள் செதில்கள் நெருக்கமாகச் சுழல வேண்டும். துளியினூடாகத் தூரிகை மயிர் தெரிந்தால் இன்னும் குழைக்க வேண்டும் என்று அர்த்தம். கடதாசியில் வைத்த பிறகு முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். ஒரு இழுப்பு, அப்புறம் விட்டுவிட வேண்டும். ஈரம் இருக்கும்போதே மறுபடி மறுபடி கிண்டினால், படுக்கப்போன செதில்களை எழுப்பி விடுகிறீர்கள்.

நீர்க்கப் பூசுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோந்தும் நீர்த்துப்போவதால் காய்ந்த பிறகு செதில் கடதாசியில் ஒட்டி நிற்காது. விரலால் தொட்டால் விரல் மினுங்கும். கலவையில் ஒரு துளி அரபுக் கோந்து சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். கோந்து கூடினால் பூச்சு வெடிக்கும், ஆகவே துளி என்றால் துளிதான்.

கலப்பதில் ஒரே விதி: ஒளி ஊடுருவும் நிறங்களோடு சேருங்கள், ஒளிபுகா நிறங்களோடு சேர்க்காதீர்கள். ஒளி ஊடுருவும் தேலோ நீலத்தில் கொஞ்சம் வெள்ளி மைக்கா கலந்தால் மீன் முதுகு மாதிரி வரும். அதே வெள்ளியை டைட்டானியம் வெள்ளையிலோ கோவாஷ் என்ற ஒளிபுகா வண்ணத்திலோ கலந்தால், அந்தத் துகள்கள் செதில்களை மூடிவிடும். தங்கத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கலாம் என்று வெள்ளை சேர்ப்பதுதான் காசைக் குப்பையில் போடுகிற மிக நேரான வழி.

வரிசை பிழைத்தாலும் படம் பிழைக்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் பொன் தாளை ஒட்டிவிட்டுப் பிறகுதான் நிறம் தீட்டுவார்கள். நீர்வர்ணத்தில் அது தலைகீழ். மைக்காவைப் பிடித்திருக்கும் கோந்து தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். மேலே நீலம் ஓட்டினால் தங்கம் கிளம்பி நீலத்தோடு கலந்து சாம்பல் சேறாகிவிடும். ஆகவே மெட்டாலிக் எப்போதும் கடைசி. சுவாமி மலைச் சூரிய உதயத்தையே எடுங்கள். கடலை இண்டிகோவும் கொஞ்சம் பழுப்பும் கலந்து, நினைப்பதைவிட இருட்டாகத் தீட்டுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காய விடுங்கள். பிறகு தடித்த தங்கத்தைத் தூரிகையில் எடுத்து, துணியில் ஒருமுறை ஒற்றி, கடதாசியில் கிடையாக வேகமாக இழுங்கள். கோடு விட்டு விட்டு விழும். அந்த இடைவெளிகளில் தெரிகிற இருட்டுத்தான் தங்கத்தைத் தங்கமாகக் காட்டும். கடலில் சூரிய ஒளி விழும் பாதை முழுவதையும் அடைத்துப் பூசினால் கடலில் தகரம் விரித்த மாதிரி ஆகிவிடும்.

சூரியனையும் முகில் ஓரத்தையும் தென்னோலையையும் சேர்த்துத் தங்கமாக்குகிற ஆசை வரும். என் கணக்கில் ஒரு படத்தில் ஒரு இடம் போதும். வாழ்த்து அட்டைக்கு வேண்டுமானால் அள்ளிப் பூசுங்கள், அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

நீல, பச்சைச் சாயல் அடிக்கும் வெள்ளை வில்லைகள் சில பெட்டிகளில் வரும். வெள்ளைக் கடதாசியில் பூசிவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். அவை இருட்டின் மேல்தான் வேலை செய்யும். கறுப்புக் கடதாசியிலோ நன்கு காய்ந்த கறுத்த பூச்சின் மேலோ போட்டுப் பாருங்கள், இரவுக் கடலில் நிற்கும் வள்ளங்களின் வெளிச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. கடதாசியின் முகமும் முக்கியம். வழுவழுப்பான ஹொட் பிரஸ் கடதாசியில் தங்கம் தகடுபோல நிற்கும். கரடுமுரடானதில் சிதறி மின்னும். இரண்டும் சரிதான், எது வேண்டும் என்று தெரிந்து வாங்குங்கள்.

தண்ணீர்க் கோப்பையைத் தனியாக வையுங்கள், தூரிகையையும்தான். மைக்கா தூரிகையின் அடிமயிரில் போய் ஒளிந்துகொண்டு, அடுத்த நாள் நீங்கள் தீட்டும் அமைதியான வானத்தில் ஜிகினா தூவும்.

எங்கள் ஊர்க் காலநிலைக்கும் ஒரு வார்த்தை. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வில்லையும் பூச்சும் கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும், குழைக்கும்போதே இடையிடையே துளி விட வேண்டும். ஒக்டோபர் தொடங்கி மாரி பிடித்தால் எல்லாம் மாறும். ஈரத்தோடு பெட்டியை மூடினால் கோந்தில் பூஞ்சணம் வரும். ஒரு இரவு திறந்து வைத்துக் காயவிட்டு மூடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போடுங்கள். அவசரத்துக்கு வெயிலில் வைத்தால் வில்லை வெடித்துத் துண்டு துண்டாகக் கழன்று வரும்.

படத்தை ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்களுக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருக்கும். ஸ்கேனரின் விளக்கு ஒரே கோணத்தில் நகர்வதால் தங்கம் மண் நிறமாகத்தான் பதியும். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, பளபளப்பு தெரியும்வரை போனைச் சற்றுச் சாய்த்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். அச்சுப் பிரதி விற்கிறவர்கள் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சாதாரண அச்சு மையில் மினுக்கம் வராது.

ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. மாரியில் ஈரம் பிடித்து ஒட்டிக்கொண்டால், கழற்றும்போது தங்கம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில், படத்தின் ஓரத்தைச் சுற்றி வரும் தடித்த மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். படத்தின் மேல் பாதுகாப்புக்கு ஸ்ப்ரே அடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் துண்டுக் கடதாசியில் அடித்துப் பார்க்கட்டும், பல ஸ்ப்ரேக்கள் மினுக்கத்தைக் குறைத்துவிடும். சுவரில் மாட்டும்போது ட்யூப்லைட்டுக்கு நேர் எதிரே மாட்டாமல் யன்னலுக்குப் பக்கச் சுவராகப் பாருங்கள், வெயில் மட்டும் நேரே படாமல்.