பெரிய மீன் தொட்டிக்கு மர கேனோபி: ரம்பத்தை எடுக்கறதுக்கு முன்னாடி படிங்க

கேனோபி, அதாவது டேங்க் மேல கவுத்து வைக்கற மரக்கூடு போட்டா லைட்டு, வயரு எல்லாம் மறைஞ்சு டேங்க் அழகா ஃபர்னிச்சர் கணக்கா ஆயிடும், அதுக்காகத்தான் எல்லாரும் ஆசைப்படுறாங்க, தப்பே இல்ல. ஆனா பேப்பர்ல வரைய உக்காரும்போது வெளித்தோற்றத்துல ஆரம்பிக்காதீங்க. தினமும் தீனி போட கை எங்க நுழையும், கண்ணாடி தேய்க்கும்போது தோள்பட்டை எங்கயாவது இடிக்குமா, சூடும் ஈரமும் எந்த வழியா வெளிய போகும், இதுக்கெல்லாம் பதில் வந்தப்புறம் பீடிங் (ஓரத்துல ஒட்டற அலங்காரப் பட்டை), பாலிஷ் கலர் எல்லாம் பாத்துக்கலாம்.

முதல்ல அளவு. டேங்க்கோட அளவை விக்கும்போது சொன்னத வச்சு எடுக்காதீங்க, டேப் வச்சு இடது, வலது, நடுன்னு தனித்தனியா அளங்க, சிலிக்கான் பிதுங்கி நிக்கற மூலைகளையும் சேத்து. கேனோபியோட உள் அளவு அதவிட பக்கத்துக்கு 3லருந்து 5 மி.மீ. அதிகமா இருக்கட்டும், ஈரத்துல மரம் கொஞ்சம் உப்பும், டைட்டா செஞ்சுட்டா அப்புறம் கழட்டவே முடியாது. உள்பக்கம் சுத்தி ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடிச்சு அது டேங்க் விளிம்புல உக்கார்ற மாதிரி வைங்க, ரீப்பருக்கு கீழ பலகை ஒரு 3 செ.மீ. இறங்கி நின்னா தண்ணி மட்டம் வெளிய தெரியாது, லைட்டும் கண்ணுல அடிக்காது.

எடைய யாரும் கணக்கு போட மாட்டேங்கறாங்க. 6 அடி நீளம் 2 அடி அகலம் 1 அடி உயரம், பின்பக்கம் திறந்தபடி, இப்படி ஒரு கூடு செஞ்சா கிட்டத்தட்ட 2 சதுர மீட்டர் பிளைவுட் ஆகும். 18 மி.மீ. பிளைவுட்ல அது சுமார் 23 கிலோ, 12 மி.மீ.ல சுமார் 15 கிலோ, இதுக்கு மேல கீல், லைட்டு, ரீப்பர் வேற. தனி ஆளா ஈரக்கையோட தூக்கறத நினைச்சு பாருங்க. என்னை கேட்டா 12 மி.மீ. போதும், மூலைக்கு மூலை உள்பக்கம் கட்டை வச்சு ஒட்டி ஸ்க்ரூ போட்டா நல்லாவே நிக்கும். சுத்தி விளிம்பு பட்டை இல்லாத டேங்க்னா கேனோபி எடைய கண்ணாடி மேல ஏத்தாம ஸ்டாண்டுலருந்து பின்னாடி ரெண்டு கால் எழுப்பியோ சீலிங்ல கம்பி கட்டியோ தாங்க விடறது நிம்மதி.

திறக்கற விதத்துலதான் நிறைய பேர் சொதப்பறாங்க. மொத்த மேல்பலகையையும் பின்னாடி கீல் வச்சு ஒரே மூடியா செஞ்சா, பாதி திறந்து நிக்கும்போது தலையில விழும், இல்லனா சுவத்துல இடிச்சு நிமிரவே நிமிராது. அதுக்கு பதிலா முன்பலகைய மேல தூக்கற கதவா வைங்க, நீளம் முழுக்க ஒரே பியானோ கீல், தூக்கினா தானா நிக்க ரெண்டு பக்கமும் கேஸ் ஸ்ட்ரட். மேல்பலகைய கீலே இல்லாம ரெண்டு துண்டா சும்மா வச்சுடுங்க, பெரிய க்ளீனிங்குக்கு எடுத்து கீழ வச்சுக்கலாம்.

மரம்னு வரும்போது எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீங்க, ஈரம் பட்டா ஊறி உப்பிடும். ஈரம் தாங்கற மரைன் பிளைவுட், இல்லனா தேக்கு. பூச்சி அரிக்காம இருக்க கெமிக்கல் ஏத்துன மரம் மலிவா கிடைச்சாலும் வேண்டாம், அதுல பெரும்பாலும் காப்பர் இருக்கும், ஆவி பட்டு சொட்டற தண்ணியில அது கரைஞ்சு இறங்கினா இறால், நத்தை எல்லாம் செத்துடும். ஸ்க்ரூ, கீல் எல்லாம் ஸ்டெயின்லெஸ், உப்புத்தண்ணி டேங்க்னா 316 கிரேடே கேட்டு வாங்குங்க.

பூச்சு உள்பக்கம்தான் முக்கியம், வெளிப்பக்கம் அழகுக்கு. எபாக்ஸியோ பாலியூரித்தேனோ உள்ள குறைஞ்சது மூணு கோட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல உப்புத்தாள் லேசா ஓட்டணும். பிளைவுட் வெட்டுன ஓரமும் ஸ்க்ரூ ஓட்டையும்தான் தண்ணி குடிக்கற இடம், அதுக்கு இன்னொரு கோட்டு சேத்து குடுங்க. உள்ள வெள்ளை கலர் அடிச்சா லைட்டு வீணாகாம தண்ணிக்குள்ள திரும்பும். வாடை சுத்தமா போற வரைக்கும் டேங்க் மேல வைக்கவே கூடாது, ரெண்டு வாரம் காத்தாட கிடக்கட்டும்.

லைட்ட மூடியில மாட்டாதீங்க, திறக்கும்போதெல்லாம் லைட்டு உங்க மூஞ்சிக்கு அடிக்கும், தண்ணிக்குள்ள இருட்டா இருக்கும். பக்கப் பலகைகளுக்கு நடுவுல ரெண்டு குறுக்குச் சட்டம் வச்சு அதுல எல்இடிய முன்னபின்ன நகத்தற மாதிரி மாட்டுங்க. பவள டேங்க் லைட்டு தண்ணிக்கு மேல 20லருந்து 30 செ.மீ. உயரம் கேக்கறது சகஜம், லைட்டுக்கு மேல சூடு ஏற இன்னும் 5 செ.மீ. விடணும், அப்ப 1 அடி உயரம் பத்தாது, இதையெல்லாம் பலகை வெட்டறதுக்கு முன்னாடியே பாத்துக்கங்க.

காத்து விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 580 கிலோ கலோரி சூடு தேவை, அதாவது 600 லிட்டர் டேங்க்ல ஒரு லிட்டர் ஆவியானா அந்த சூடு மட்டுமே கிட்டத்தட்ட 1 டிகிரி குறைக்கற அளவு. கேனோபி மூடியே இருந்தா ஆவி வெளிய போகாது, இந்த குளிர்ச்சி கிடைக்காது, லைட்டு சூடும் அங்கயே சுத்தும். பின்பக்கம் நல்லா திறந்து விட்டு, பக்கப் பலகையில 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் 12 வோல்ட்டுல ஓடறது ஒண்ணோ ரெண்டோ வைங்க. வெளிக்காத்தை உள்ள தள்ளற மாதிரி திருப்புங்க, உள்ளருந்து இழுத்தா ஈரமும் உப்பும் ஃபேன் வழியாவே போய் சீக்கிரம் ரிப்பேர் ஆகும். ஆவி போனா தண்ணி மட்டமும் இறங்கும், தினமும் ஊத்தணும், அது இதோட வர்ற வேலை. குதிக்கற மீன் இருந்தா திறந்த பக்கத்துக்கு 6 மி.மீ. பிளாஸ்டிக் வலை அடிச்சிடுங்க.

கரண்டு பத்தி சுருக்கமா: ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு போறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு தொங்கணும், அப்பதான் வயர் வழியா வர்ற தண்ணி அங்கயே சொட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேனோபிக்குள்ள கூடவே கூடாது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு லீக் ஆனா தானா கட் பண்ற சுவிட்ச்) இல்லாம தண்ணியில கை விடாதீங்க.

மாட்டும்போது ரெண்டு பேரா தூக்குங்க, ரீப்பருக்கும் டேங்க் விளிம்புக்கும் நடுவுல மெல்லிய ரப்பர் பட்டை. முதல் வாரம் தினமும் காலைல மேல்பலகை அடிப்பக்கத்தை தடவி பாருங்க, தண்ணி முத்து முத்தா நின்னா காத்து பத்தலன்னு அர்த்தம், அப்ப இன்னொரு ஃபேன் போடுங்க, இல்ல பின்பக்க திறப்பை பெருசாக்குங்க, முன்பக்கம் மட்டும் ஓட்டை போட்டுடாதீங்க.